நாளொரு கவுன்

அந்த வருஷத் தடைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குள் ஆளுயர மூட்டை ஒன்று வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. மீன்கள் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பதால், தூத்துக்குடியில் எங்கள் தெரு ஆண்களெல்லாம் வலை பழுதுபார்த்துக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் கரையிலேயே இருப்பார்கள். அப்பாவும் இருந்தார். சும்மா இருக்கும் அப்பாவின் முன்னால் மாமா எதையும் கொண்டுவந்து வைக்காமல் இருப்பது நல்லது என்பது நாலாம் வகுப்புக்குப் போகவிருந்த எனக்கே தெரிந்திருந்தது. மாமாவுக்குத்தான் தெரியவில்லை.

மாமா துறைமுகத்தை ஒட்டிய ஒரு குடோனில் வேலை பார்த்தார். வேலை என்பது அவருக்கு இடையிடையே வருவது. மற்ற நேரமெல்லாம் ஏதாவது தொழில் தொடங்கிக்கொண்டிருப்பார். அதற்கு முந்தின வருஷம் கண்ணாடித் தொட்டியில் அலங்கார மீன் வளர்த்தார். அவை ஒன்றையொன்று தின்று, கடைசியில் நன்றாகக் கொழுத்த ஒரே ஒரு மீன் மிஞ்சியது. அதை யாரும் வாங்கவில்லை. இந்த முறை, வெளிநாட்டிலிருந்து கண்டெய்னரில் வந்த பழந்துணி. உள்ளே இருப்பதெல்லாம் சின்னப்பிள்ளைகள் கவுன் என்று யாரோ சொன்னதை நம்பி, பிரித்துக்கூடப் பார்க்காமல் ஒரு கட்டு முழுவதையும் வாங்கிவிட்டார். அம்மா ஆபத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணமும் அந்தக் கட்டுக்குள் போயிருந்தது. அப்பாவுக்கு இன்னும் அது தெரியாது.

இரும்புப் பட்டையை வெட்டியதும் மூட்டை பெருமூச்சு விட்டதுபோல் விரிந்து நடுவீட்டை நிறைத்தது. அதில் ஒரு சின்னப்பிள்ளைக் கவுன்கூட இல்லை. எல்லாம் கனத்த கம்பளிக் கோட்டுகள், தரையில் புரளும் நீளப் பாவாடைகள், எங்கள் கதவையே மூடிவிடக்கூடிய அகலத்தில் அங்கிகள். பனி பெய்கிற ஊரில் வாழ்ந்த பெரிய உடம்புக்காரிகள் யாரோ போட்டுக் கழித்தவை. அது மே மாதம். மேலே சுற்றிய மின்விசிறி அடுப்புக்காற்றைத்தான் இறக்கிக்கொண்டிருந்தது.

அப்பா ஒரு கோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“ஏலே, இதப் போட்டுக்கிட்டு உப்பளத்துல போய் நிக்கச் சொல்லுதியா?”

மாமா சிரித்தார். அந்தச் சிரிப்புதான் வினையாகிவிட்டது. பேச்சு வளர்ந்தது; வளர்ந்த பேச்சில் அம்மாவின் சேமிப்பு விஷயமும் வெளியே வந்துவிட்டது. இனி இந்த வாசப்படி ஏறாதே என்று அப்பா சொல்லிவிட்டார். மாமா வேம்பாரில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போய்விட்டார். துணிக்கட்டு மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். அதன் ஓரமாகப் படுத்துக்கொண்டோம்.

அம்மாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்று, வேலை கூடும். அந்த வாரம் குசினியில் அடுப்புப் புகை படிந்த சுவரையெல்லாம் தேய்த்துக் கழுவினாள். பிறகு ஒரு மத்தியானம், கழுவ எதுவும் மிச்சமில்லாமல், ஒரு கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முன்னும் பின்னும் புரட்டினாள். பிறகு, மீனைக் குடல் எடுக்கப் புரட்டுவதுபோல, கோட்டின் உள்பக்கத்தை வெளியே இழுத்தாள்.

வெளியே சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்த கோட்டுக்குள் திராட்சை நிறத்தில் வழவழப்பான லைனிங் துணி இருந்தது. ஒரு கறை இல்லை, கிழிசல் இல்லை. அம்மா அதை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரச் சொல்லி, ஒரு பிளேடை எடுத்து நூலை மட்டும் அறுக்கச் சொல்லிக் காட்டினாள்.

அதன்பின் எங்கள் வீடு மாறிப்போனது. தையல் பிரித்த துணிகள் வேப்பிலை போட்ட வெந்நீரில் கிடந்தன. மொட்டை மாடியில் கடற்காற்றில் படபடத்தன. அம்மாவிடம் ஒரு பழைய தையல் மிஷின் இருந்தது. அதுவரை அக்கம்பக்கத்தாரின் ஜாக்கெட்டை இறுக்கிப் பிடிக்கவும் தளர்த்தி விடவும் மட்டுமே ஓடியது, இப்போது காலையிலிருந்து ஓடியது. ஒரு அங்கியின் கையை மட்டும் வைத்தே ஒரு பிள்ளைக்குப் பாவாடை வந்துவிடும். துண்டு துணுக்குகளைக்கூட விடாமல் ஓரம் அடித்து லேஞ்சியாக்கினாள். எங்கள் வீட்டில் எல்லாருடைய மூக்குக்கும் பட்டு லேஞ்சி கிடைத்தது. அப்பா கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. படகுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்று காலையிலேயே கிளம்பிவிடுவார். அவர் போனதும் மாமா பின்வாசல் வழியாக வருவார். வாசப்படி ஏறக் கூடாது என்றுதானே சொன்னார், பின்வாசலில் படியே கிடையாது என்பார்.

தெருக்கோடி அந்தோனியார் கோயிலில் திருவிழாக் கொடி ஏறிய அன்று சாயங்காலம் அம்மா எனக்குத் திராட்சை நிறக் கவுனைப் போட்டுவிட்டாள். எங்கள் வீட்டு ஜன்னல் திரையிலிருந்து வெட்டிய வெள்ளை லேஸ் கழுத்துப்பட்டி, இடுப்பில் சுருக்கு, பின்னால் பெரிய முடிச்சு. அதுவரை நான் அத்தை மகளுக்குச் சின்னதாகிப்போன உடுப்புகளைப் போட்டு வளர்ந்தவள். கோயில் முற்றத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு பலூன் கடை, வளையல் கடை, சர்பத் கடை என்று ஒன்றுவிடாமல் சுற்றிக்காட்டினார். அவ்வளவு மெதுவாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. பெண்கள் கூட்டமாக நிற்கும் இடம் வந்தால் அங்கேயே நின்று, தெரிந்தவர் யாரையோ தேடுவதுபோல் என்னை ஒரு சுற்றுச் சுற்றவைப்பார். பஞ்சு மிட்டாய் வாங்கித் தந்தார். ஆனால் வீட்டுக்குப் போய்த்தான் தின்ன வேண்டும் என்று அவரே வைத்துக்கொண்டார். எனக்கு இருமல் வந்துவிடும் என்ற அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அந்தக் கவுனைக் காணவில்லை. ஊறப் போட்டிருக்கிறேன் என்றாள் அம்மா. ஆனால் சாயங்காலத்துக்கு வேறொன்று தயாராக இருந்தது, மயில்கழுத்து நிறத்தில், மடிப்பு மடிப்பாக. அதற்கடுத்த நாள் இன்னொன்று. திருவிழா நாளெல்லாம் நாளொரு கவுன் போட்டேன். முந்தின நாளையது எப்போதும் ஊறிக்கொண்டே இருந்தது. இத்தனை காலம் மறந்திருந்த பிரியமெல்லாம் அம்மாவுக்கு ஒரேயடியாக வந்துவிட்டது என்று நான் முடிவு செய்தேன். பிரசங்கத்தின்போது முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். மணலில் விளையாடக் கூப்பிட்ட பிள்ளைகளிடம் உடுப்பு அழுக்காகும் என்று சொன்னேன். ஜெபமாலை முடிந்ததும் பெண்கள் அம்மாவைச் சுற்றி நின்று தணிந்த குரலில் பேசினார்கள். என்னைப் பெற்றதற்காக அம்மாவைப் பாராட்டுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

கடைசி நாள் சப்பரம். அன்றைக்குத் திராட்சை நிறக் கவுன்தான் வேண்டும் என்று அழுதேன். அம்மா மஞ்சள் நிறத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு, தலையை அழுத்தி வாரிவிட்டாள். பேண்டு வாத்தியம் முன்னே போக, பூவும் விளக்குமாகப் புனிதரின் சப்பரம் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. அப்பா சப்பரத்துக்குத் தோள் கொடுத்திருந்தார். நான் மெழுகுவர்த்தியோடு பிள்ளைகள் வரிசையில் போனேன். எனக்கு முன்னால் திராட்சை நிறக் கவுன் நடந்துகொண்டிருந்தது.

அதற்குள் இருந்தவள் மளிகைக்கடைக்காரர் மகள், என் வகுப்புக்காரி. நான் ஓடிப்போய் அவள் கழுத்துப்பட்டியைப் பிடித்தேன்.

“இது என் கவுன். கழட்டு.”

எங்க அம்மா வாங்கித் தந்தது என்று அவள் அழுதாள். இல்லை, பழைய கோட்டிலிருந்து எங்க அம்மா எனக்குத் தைத்தது, நூலைப் பிரித்ததே நான்தான், எங்கள் வீட்டில் வந்து பார், மூட்டை மூட்டையாகப் பழந்துணி கிடக்கிறது என்று நான் கத்தினேன். பேண்டு வாத்தியம் சரியாக அந்த நேரம் பார்த்துப் பாட்டை முடித்திருந்தது. நான் சொன்னது தெரு முழுக்கக் கேட்டது.

மயில்கழுத்து நிறம் ஒரு வாசலில் நின்றது. இளஞ்சிவப்பு ஒன்று தாயின் இடுப்பில் இருந்தது. என் கவுன்கள் எல்லாம் தெருவில் ஆங்காங்கே நின்று என்னைப் பார்த்தன. அவற்றை வாங்கிய தாய்மார்கள் அம்மாவைப் பார்த்தார்கள். பழந்துணி என்பதை வெளியே சொல்ல வேண்டாம், வெளிநாட்டுத் துணி என்று மட்டும் சொன்னால் போதும், அது பொய்யுமில்லை என்று மாமா யோசனை சொல்லியிருந்தாராம். அந்த மாமாவை இப்போது அங்கே காணவில்லை.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என்னை அடிக்கப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழுத்துப்பட்டியிலிருந்து எடுத்துவிட்டு, மளிகைக்கடைக்காரர் மனைவியின் முன்னால் போய் நின்றாள்.

“பிள்ள சொல்லுதது நெசந்தான். கோட்டுக்குள்ள இருந்த துணி. வெந்நீர்ல போட்டு அலசித்தான் தச்சேன். மொதல்லயே நான் சொல்லிருக்கணும். வேண்டாம்னா திருப்பித் தந்துருங்க, மனசுல ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

அந்த அம்மாள் மகளைப் பக்கத்தில் இழுத்து, கவுனின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். உள் தையலை விரலால் தடவினாள். சப்பரம் காத்து நின்றது. சுமந்து நின்ற அப்பா தோள் மாற்றிக்கொள்வதைப் பார்த்தேன்.

“ஏளா, உள்பக்கமே இவ்வளவு நேர்த்தியா இருக்கே,” என்றாள் அவள். “எங்க அம்மா கட்டுன பட்டு ஒண்ணு பெட்டியில மடிச்ச மேனிக்குக் கெடக்கு. மடிப்புல எல்லாம் விட்டுப்போச்சு. கொண்டுவந்தா இவளுக்கு ஏதும் தச்சித் தருவியா?”

அம்மா தலையசைத்தாள். பேண்டுக்காரர்கள் அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள்.

மறுநாள் காலையில் பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு பொட்டலம். பழைய சேலை, வெளுத்த வேட்டி, கல்யாணத்துக்கு எடுத்து ஒருமுறை போட்டதோடு இறுகிப்போன ஜாக்கெட். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எங்கள் வீட்டில் பழந்துணி கிடக்கிறது என்று தெருவில் நான் கத்தியதால், ஊரே வந்து தங்கள் பழந்துணியை எங்கள் வீட்டில் கொட்டிப் பழிவாங்குகிறது என்று நினைத்தேன். அம்மா ஏன் அதை வாங்கி வாங்கி அடுக்குகிறாள், ஏன் வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே சிரிக்கிறாள் என்று தெரியாமல் அழுதேன். அப்பா அன்று படகுக்குப் போகவில்லை. மூலையில் இருட்டில் கிடந்த மிஷினைத் தூக்கிக்கொண்டுவந்து ஜன்னலோரம் வெளிச்சத்தில் போட்டார். பிறகு எங்கேயோ போன் பண்ணி, எதிர்முனையில் இருந்தவரை நன்றாகத் திட்டிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சேரச் சொன்னார். மாமா முன்வாசல் வழியாகவே வந்தார்.

தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கியபோது, லைனிங் உருவிய கோட்டு ஒன்றை அம்மா வெட்டிக் குறைத்து அப்பாவுக்குத் தந்தாள். விடியற்காலைக் கடல்காற்றில் அதன் அருமை தெரிந்துவிட்டது. கரை திரும்பியதும் கூட இருந்தவர்கள் ஆளுக்கொன்று கேட்டார்கள். அதற்காகத்தான் வாங்கினேன் என்றார் மாமா. அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒருநாள் சாயங்காலம் எங்கள் தெருவின் கடைசி வீட்டு அக்கா வந்தாள். அவள் வீட்டுக்காரர் முந்தின வருஷப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அவள் மகள் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தாள். அந்த அக்கா கொண்டுவந்தது நீலக் கட்டம் போட்ட ஓர் ஆண் சட்டை. மகளுக்கு ஒரு கவுன் தைக்க வேண்டும் என்றாள். அம்மா அளவெடுத்து முடித்தபின்னும் அவள் போகாமல் நின்றாள்.

“இந்தச் சட்டப் பைய மட்டும் எடுத்துராத. அது இருக்குத எடத்துலயே இருக்கட்டும்.”

அம்மா சரி என்றாள். அந்தத் துணியை வெட்ட மட்டும் அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. கவுன் முடிந்ததும் நான் போட்டுப் பார்க்கிறேன் என்றேன். இதை நீ போட வேண்டாம் என்று மடித்து வைத்துவிட்டாள். எனக்கு அது அழகாகவும் படவில்லை. பொம்பளைப்பிள்ளைக் கவுனில் நெஞ்சுக்கு நேராக ஆம்பளைச் சட்டைப் பை எதற்கு, எடுத்துவிட்டு ஒரு பூ தைத்திருக்கலாமே என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அந்தப் பிள்ளை எனக்கு முன்னால் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூசை முடியும்வரை ஒரு கையை அந்தப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். மிட்டாய் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து, வெளியே வந்ததும் எனக்கும் ஒன்று தா என்று கேட்டேன். அவள் பையை விரித்துக் காட்டினாள். உள்ளே ஒன்றுமே இல்லை. பிறகு மறுபடியும் கையை உள்ளே விட்டுக்கொண்டு, குதித்துக் குதித்துத் தன் அம்மாவை நோக்கி ஓடினாள். வெறும் பைக்குள் அவள் எதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள் என்று யோசித்தபடி, எங்கள் அம்மா கூப்பிடும்வரை நான் வெயிலிலேயே நின்றிருந்தேன்.