பிளேட்டு பூட்ச்சி

கிளட்ச் பிளேட் என்பது காருக்கு அடியில் எங்கோ மாட்டித் தொங்கும் எவர்சில்வர் தட்டு மாதிரி ஒரு சமாச்சாரம், வண்டி பள்ளத்தில் குதித்தால் கழன்று ரோட்டில் விழுந்துவிடும் என்றுதான் நான் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு லைசென்ஸ் வேறு கொடுத்திருந்தார்கள்.

போன வாரம் மகள் புது கார் வாங்கி, "ஓட்டிப் பாருப்பா" என்று சாவியை நீட்டினாள். உட்கார்ந்தால், இடது காலுக்கு மிதிக்க ஒன்றுமே இல்லை. "இதுல கிளட்ச்சே கிடையாதுப்பா." என் கால் மட்டும் இருட்டில் செருப்பைத் தேடுகிறவன் போலத் துழாவிக்கொண்டிருந்தது. துழாவத் துழாவ, எரிந்த ரப்பரும் அடிபிடித்த பாலும் கலந்த மாதிரி ஒரு வாசனை மூக்குக்குள் வந்தது. காரில் இல்லை, மண்டைக்குள்.

எண்பதுகளின் கடைசி அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நட்டு போல்ட்டு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். மாங்காட்டில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா பஸ் டிரைவர். பஸ் டிரைவர் வீட்டுக்குப் பஸ்சிலேயே போய் இறங்கினால் என்ன மரியாதை? கூட வேலை செய்த சேகரிடம் கெஞ்சி, அவனுடைய பழைய பியட்டை வாங்கிக்கொண்டேன். ஸ்டியரிங் பக்கத்தில் கியர் இருக்கும் வண்டி.

ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ராகுகாலம் பிறப்பதற்குள் பெண் வீட்டுப் படியேற வேண்டும். தவறினால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுவேன் என்று அம்மா முன்னாலேயே சொல்லிவிட்டாள். சொன்னதைச் செய்கிறவள். எனக்கோ பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பினோம். முன்னால் அப்பா, பின்னால் அம்மா, தங்கை, பழத்தட்டு. டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் "கிளட்ச் மேல எப்பவும் கவனம் இருக்கணும்" என்று சொல்லியிருந்தார். கவனம் இருந்தால் போதாது, காலும் இருந்தால் இன்னும் பத்திரம் என்று நானாக முடிவு செய்து, வீட்டிலிருந்தே இடது காலைக் கிளட்ச்சின் மேல் ஊன்றிவிட்டேன். ஆவடி தாண்டியதும் அம்மா மூக்கைச் சுளித்தாள்.

"எவனோ டயரு கொளுத்துறான்டா. கண்ணாடிய ஏத்து."

ஏத்தினோம். வாசனை இன்னும் ஜாஸ்தியானது. டயர் கொளுத்துகிறவன் எங்களோடேயே வந்துகொண்டிருந்தான். கரையான்சாவடி நெருங்கும்போது இன்ஜின் சிங்கம் மாதிரி உறுமியது, வண்டி மட்டும் கோயில் தேர் மாதிரி நின்றுவிட்டது. அப்பா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். காதர் பாயின் மெக்கானிக் ஷெட் பக்கத்திலேயே இருந்தது. பாய் ஏறி உட்கார்ந்து, ஒருமுறை உறுமவிட்டு, முகர்ந்து பார்த்துவிட்டு இறங்கினார்.

"பிளேட்டு பூட்ச்சி நைனா."

அவ்வளவுதான். டீ குடிக்கப் போய்விட்டார்.

போய்விட்டதா? எங்கே? பருத்திப்பட்டில் ஒரு பள்ளத்தில் தடாலென்று விழுந்தோமே! அங்கேதான். எவனாவது எடுத்துக்கொண்டு போய் எடைக்குப் போட்டுவிட்டால்? "பிளேட்டு வழியில வுழுந்துட்ச்சாம், எடுத்தாந்துர்றேன்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு வேகாத வெயிலில் ஓடினேன். ரோட்டின் இரண்டு ஓரமும் குனிந்து குனிந்து தேடினேன். ஒரு பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "தாலியா அண்ணாத்தே?" என்று கேட்டார். அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்துப் புதரில் பளபளவென்று ஒன்று கிடந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பினால், அப்பா அம்மா தங்கை யாரையும் காணோம்.

பாய் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "மாமே, இது லாரி வீலு கப்பு." ஷெட்டே சிரித்தது. கியர்பாக்சை இறக்கி வைத்திருந்தார்கள். உள்ளேயிருந்து எடுத்த நிஜ பிளேட்டைக் காட்டினார். தோசைக்கல் அகலம். அதன் மேல் பதித்திருந்த லைனிங் பட்டை முழுக்கத் தேய்ந்து ரிவெட் ஆணி வெளியே தெரிந்தது. "புதுசு போட்டுத் தர்றேன். கால கிளட்ச்சுலேர்ந்து எட்த்து கீழ வெச்சி ஓட்டு, பத்து வர்சம் வரும். உன் காலு அங்கியே குடித்தனம் பண்ணிக்கினு கீது."

"எங்க வீட்டு ஆளுங்க?"

"பஸ்சு ஏறிட்டாங்க."

எந்தப் பக்கத்துப் பஸ் என்று அவர் பார்க்கவில்லை. ராகுகாலம் பிறந்துவிட்டது. கல்யாணம் கைவிட்டுப் போனது என்று, கிரீஸ் படிந்த சட்டையோடு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன்.

அந்த ஸ்டாப்பு இப்போது இல்லை. ஷெட் இருந்த இடத்தில் பல் ஆஸ்பத்திரி. அப்போதெல்லாம் எங்கள் திருமுல்லைவாயிலில் ரயில்வே கேட் திறந்ததும் ஏதாவது ஒரு வண்டி அந்தக் கருகல் வாசனையை விட்டுவிட்டுப் போகும். "எவனோ கிளட்ச்ச வறுக்கிறான்" என்று டீக்கடையில் சொல்வார்கள். இப்போது கேட்டும் இல்லை, வறுக்கிறவனும் இல்லை.

வெயில் தாழ்ந்து, மாங்காட்டிலிருந்து வந்த பஸ்சில் மூவரும் இறங்கினார்கள். அம்மாவின் தலையில் புதுப் பூ.

"மாப்ளே எங்கன்னு கேட்டாங்க," என்றாள் தங்கை. "ரோட்டுல கிளட்ச் பிளேட்டு தேடிக்கினு கீதுன்னு சொன்னேன். அந்த டிரைவரு சிரிச்சாரு பாரு, இருமலே வந்துட்ச்சி. உள்ள அண்ணியும் சிரிச்சாங்க."

"யாருடி அண்ணி?" என்றேன்.

அம்மா முந்திக்கொண்டாள். "ராகுகாலத்துக்கு முன்னாடியே படியேறிட்டோம். தையில நாள் பாக்கச் சொல்லிட்டோம்."

என்னை நேரில் ஒருமுறைகூடப் பார்க்காமல் அந்தப் பெண் சரி என்று சொல்லியிருந்தாள்.