அத்தையின் முங்கு கண்ணாடி

கறுப்பு ரப்பர், முட்டை வடிவத்தில் ஒரே கண்ணாடி, அதைச் சுற்றி ஓர் இரும்பு வளையம், உச்சியில் சின்னதாக ஒரு திருகு. நாங்கள் அதை முங்கு கண்ணாடி என்போம். கடலே இல்லாத நாரணாபுரத்துக்கு அதைக் கொண்டுவந்தவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. மாதா கோயில் திருவிழாவுக்குத் தூத்துக்குடி போன இடத்தில் மற்றவர்கள் மக்ரூன் வாங்க, இவள் பழைய சாமான் கடையில் இதை வாங்கி வந்தாள். சங்கு குளிக்கிறவர் யாரோ போட்டுக் கழித்ததாம்.

அத்தைக்கு நீச்சலே தெரியாது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் அவளுக்கு வேலை. சாயங்காலம் வரும்போது புருவம்வரை அலுமினியப் பொடி மின்னும். கண் மட்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருக்கும். அங்கே கண்ணுக்கென்று யாரும் எதுவும் கொடுக்கவில்லை. தன் கண்ணைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவுகட்டிவிட்டாள்.

மறுநாள் காலை வழக்கம்போலக் கொலுசு, கொண்டை ஊசி, ஊக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவைத்தாள். மருந்துக்குப் பக்கத்தில் இரும்பு ஆகாது, உரசினால் பொறி வரும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவ்வளவையும் கழற்றியவள், அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறைக்குள் போய் உட்கார்ந்தாள். கண்ணைக் காக்கிற பொருள் என்றே அதைப் பார்த்தவளுக்கு அதன் இரும்பு வளையம் உறைக்கவே இல்லை. சுற்றிப் பார்க்க வந்த போர்மேன் வாசலிலேயே நின்றுவிட்டார். சத்தம் போடவில்லை.

"யக்கா, அதுல கைய வைக்காதீக. அப்படியே மெதுவா எந்திரிச்சு வெளிய வாங்க" என்றார்.

அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். அறையில் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கைக்குழந்தைக்காரி என்று மட்டும் அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். கண்ணாடியைத் தூக்கி எங்களிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் வெறுங்கண்ணோடு வேலைக்குப் போனாள்.

எங்களுக்கோ கொண்டாட்டம். தோட்டக் கிணற்றில் பப்பாளித் தண்டை வாயில் வைத்து மூச்சு விட்டபடி மிதப்போம். பால் பட்டு உதடு புண்ணாகும், பாதித் தண்ணீர் வயிற்றுக்குள் போகும். ஆவி படியாமலிருக்க எச்சில் தடவிய கண்ணாடிக்குள் கெண்டைக் குஞ்சுகளும் படியில் ஒட்டிய பாசியும் தெரியும். வேலை விட்டு வந்த அத்தை கீழ்ப்படியில் உட்கார்ந்து தலையை முக்கினால், பொடி கழன்று வெயிலில் மினுங்கிக்கொண்டே இறங்கி வரும். கை நீட்டிப் பிடிப்பேன். அத்தனை அழகான ஒன்றைத் தண்ணீருக்குள் நான் பிறகு பார்த்ததில்லை. அவள் கண்ணுக்குள் போனது போக மிச்சம் அது என்பது அப்போது புத்திக்கு எட்டவில்லை.

இப்போது சூலக்கரையில் குடியிருக்கிறேன். மகளுக்காக ஆன்லைனில் அப்படி ஒன்று வாங்கினேன். பெட்டியைப் பிரித்ததும் என் விரல் இரும்பைத்தான் தேடியது. ஒரு திருகுகூட இல்லை, முழுக்கப் பிளாஸ்டிக். அன்றைக்கு இது அவள் கையில் கிடைத்திருக்கக் கூடாதா என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

போன மழைக்கு வெம்பக்கோட்டை அணை நிரம்பியிருந்தது. அத்தையைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் கரையில் உட்காரவைத்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் முங்கிவிட்டு ஏறிவந்த மகள், ஒரே கலங்கல், ஒன்றுமே தெரியவில்லை என்று சிணுங்கினாள். அத்தை குரல் வந்த பக்கம் கையை நீட்டித் துழாவி, ஈரத் தலையைக் கண்டுபிடித்துத் தடவினாள்.

"எனக்குக் கரையிலயே அப்படித்தான் இருக்கு தாயி" என்றாள்.