சபேசன் சாரின் ஏரிக்கரை வீட்டுக்கு இரண்டு வழிகள்

டெக்சஸில் ஆலனில் இருக்கும் என் மகன் போன வாரம் தொலைபேசியில் அழைத்தான். அதுவே ஒரு செய்திதான். மெக்சிகோவில் மலையடிவாரத்தில் ஒரு விடுமுறை வீட்டை ஒரு வாரத்துக்கு எடுத்திருக்கிறானாம். “டாட், ஃப்ளை பண்றதா, டிரைவ் பண்றதா? ஜஸ்ட் டெல் மீ” என்றான். பிறந்ததிலிருந்து என்னிடம் அவன் கேட்ட முதல் யோசனை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அது வந்துப்பா, நீ பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ கனடாவுக்கு...” என்று ஆரம்பித்தேன். “ஓகே டாட், வீ வில் ஃப்ளை” என்று வைத்துவிட்டான். ஆரம்பித்த கதையை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? நீங்கள் அகப்பட்டீர்கள்.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுவிடும் என்று பயந்து, எங்களைப் போன்றவர்களைக் கப்பல் சரக்கு மாதிரி நியூ ஜெர்சியில் இறக்கிய காலம் அது. எடிசனில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்டின் படிக்கட்டில் காலை ஏழு மணிக்கு நடந்தால் ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு மாவட்டத்துச் சாம்பார் வாசனை வரும். வார நாட்களில் கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய நிரல்களில் பழைய தேதிகளைத் தோண்டுவோம். வார இறுதியில் யாராவது ஒருவர் வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் விருந்து. அங்கே ஆண்களுக்கு ஒரே ஒரு விவாதப் பொருள்தான் உண்டு. எங்கே போவதென்றாலும், காரில் போவதா, விமானத்தில் போவதா? நயாகராவைப் பார்த்து வந்தவன் அருவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டான். எத்தனை மணி நேரத்தில் போனான், எங்கே பெட்ரோல் போட்டான் என்பதை அரைமணி நேரம் சொல்வான்.

நான் கார் கட்சி. பத்து வயதான ஒரு ஹோண்டா வைத்திருந்தேன். அதைத் தொடுவதற்கு இந்தப் பூமியில் என்னைவிடத் தகுதியானவன் கிடையாது என்று நம்பினேன். என் மனைவி சுமதி லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடமாகியிருந்தது. காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் ஓட்டுவாள். பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருவேன். “மிரர் பாரு. சிக்னல் போடு. ஏன் இப்ப போட்ட?” என்று நான் சொல்லித்தருகிற அழகில் அவள் ஹைவே பக்கமே போகாமல் இருந்தாள். அவளுக்குத் துணிச்சல் போதாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விமானக் கட்சியின் தலைவர் சபேசன் சார். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், கும்பகோணத்துக்காரர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். அந்த ஊரில் அப்போது அது ஏறக்குறைய பட்டாபிஷேகம். கனடா டாலர் சல்லிசாகக் கிடைக்கிறது என்று மாண்ட்ரியாலுக்கு வடக்கே ஒரு ஏரிக்கரையில் மரவீடு ஒன்றை வாங்கிப்போட்டிருந்தார். ‘சபேசன் பவனம்’ என்று தமிழில் எழுதி வாசலில் பலகை வேறு. அக்கம்பக்கத்துப் பிரெஞ்சுக்காரர்கள் அதை ஏதோ அபாய அறிவிப்பு என்று நினைத்து அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்களாம். அவர் மனைவி ஒரே ஒருமுறை போய், கொசுவையும் எலியையும் பார்த்துவிட்டு, இனி இந்த வீட்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டார். அதனால் விருந்தாளிகளைச் சேர்க்கும் பொறுப்பு சபேசன் சார் தலையில் விழுந்தது.

“ஒன்றரை மணி நேரம் தம்பி. ஏறி உக்காந்தா ஒரு ஜூஸ் குடுப்பான், குடிச்சு முடிக்கறதுக்குள்ள மாண்ட்ரியால். ஏழு மணி நேரம் ஸ்டியரிங்கைக் கட்டிக்கிட்டு அழணும்னு ஒனக்கு என்ன தலையெழுத்து?”

“ஏர்போர்ட்டுக்குப் போற நேரம், அங்க நிக்கற நேரம், அப்புறம் வாடகைக் கார் எடுக்கற நேரம், அதெல்லாம் யாரு சார் கூட்டறது?” என்பேன் நான். இப்படியே அந்தக் கோடை முழுவதும் போயிற்று.

அந்த வருடம் ஆகஸ்ட் கடைசியில் சுமதிக்கு வேலை கிடைத்தது. நீங்கள் இதைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகக்கூடாது. கோயம்புத்தூரில் எம்.சி.ஏ. முடித்தவள், மூன்று வருடமாக என் விசாவின் வாலாக வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. அதற்கு முந்தைய வருடம் ஒரு வேலை வந்தது. நான் அந்த நேரம் பார்த்து ஆறு மாதத்துக்கு வேறு ஊர் ப்ராஜெக்டுக்குப் போனதில், கூடவே வந்து அதைக் கைவிட்டாள். இப்போது இது இரண்டாவது. அவள் பெயரிலேயே விசா ஒப்புதல் வந்துவிட்டது. லேபர் டே என்ற திங்கட்கிழமை விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சேரவேண்டும். அன்று வராவிட்டால் அடுத்த ஆளை எடுத்துக்கொள்வோம் என்று அந்தக் கம்பெனி மரியாதையாகச் சொல்லியிருந்தது. அதைக் கொண்டாடத்தான் அந்த மூன்று நாள் விடுமுறைக்குச் சபேசன் சார் எங்களைக் கூப்பிட்டார். விமானமா, காரா?

அதை முடிவு செய்தது நானில்லை, எங்கள் அபார்ட்மெண்டின் துணி துவைக்கும் அறை. அங்கே சோப்புத்தூள் வாசனைக்கு நடுவே பெண்கள் பேசிக்கொள்வதில் குடியேற்றச் சட்டம் முழுவதும் அடக்கம். அமெரிக்காவுக்குள் நுழையும்போது பாஸ்போர்ட்டில் ஒரு வெள்ளை அட்டையைப் பின் அடித்துத் தருவார்கள். நாம் எதுவரை தங்கலாம் என்பது அதில்தான் இருக்கும். பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தாலும், அந்த அட்டை கையில் இருந்தால் கனடாவுக்குப் போய் முப்பது நாளுக்குள் திரும்பி வந்துவிடலாம். எங்கள் இருவருக்கும் முத்திரை காலாவதி.

“ஏங்க, ஃப்ளைட்ல போனா ஏர்லைன்ஸ் கவுண்டர்லயே அந்த அட்டையைப் பிச்சு எடுத்துக்கறாங்களாம். கார்ல போனா யாரும் கேக்க மாட்டாங்களாம்” என்றாள் சுமதி.

கார் கட்சிக்கு இதைவிடப் பெரிய வெற்றி உண்டா? காரணம் என்னவென்று காதில் வாங்காமல் வெற்றியை மட்டும் வாங்கிக்கொண்டேன். நியூயார்க்கில் ஒருநாள் வரிசையில் நின்று கனடா விசா வாங்கினோம். புளியோதரை கட்டிக்கொண்டு சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். காருக்குள் அந்த நல்லெண்ணெய் வாசனை அடுத்த தீபாவளி வரை இருந்தது. எண்பத்தேழாம் எண் ஃப்ரீவேயில் வடக்கே போகப் போக மலைகள் வந்தன, ரேடியோ பிரெஞ்சுக்கு மாறியது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கம்பீரத்தைப் பார்க்க ஆளில்லை என்பதுதான் குறை. சுமதி தூங்கிவிட்டாள்.

இங்கே என் வம்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். என் அப்பா ஈரோடு ஜங்ஷனில் டிக்கெட் பரிசோதகர். ரயிலை விட்டு இறங்கினால் வாசலில் நிற்பவரிடம் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே போகவேண்டும் என்பது எங்கள் வீட்டில் மதம். கேட்காமலே கொடுப்பவன் உத்தமன், கேட்டபின் கொடுப்பவன் மத்திமன். எந்தப் படிவத்தையும் பின்பக்கம் வரை படிப்பவன் நான். அந்த வெள்ளை அட்டையின் பின்பக்கத்தில், நாட்டை விட்டுப் போகும்போது இதை ஒப்படைக்கவேண்டும், கனடா எல்லையென்றால் கனடா அதிகாரியிடம் ஒப்படைக்கவேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. திரும்பும்போது புதிதாக ஒன்று தருவார்கள், டிக்கெட் மாதிரி. இதில் என்ன குழப்பம்?

எல்லைச் சாவடியில் அந்த அதிகாரி பாஸ்போர்ட்டை மட்டும்தான் கேட்டார். நானாகவே பின்னைப் பிரித்து அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஆர் யூ ஷ்யூர்?” என்றார். “இட் ஸேஸ் ஸோ, சார்” என்றேன். ஈரோடு ஜங்ஷனே என் பின்னால் எழுந்து நின்ற மாதிரி இருந்தது.

சுமதி விழித்துக்கொண்டாள். “என்னங்க பண்றீங்க? அவரு கேக்கவே இல்லையே!”

“சட்டம்னா சட்டம். உன்னுதையும் எடு.”

“தரமாட்டேன். அதுலதான் என் வேலை இருக்கு” என்று கைப்பையை மடியோடு அணைத்துக்கொண்டாள். வெளிநாட்டு அதிகாரி முன்னால் மனைவி இப்படி மானத்தை வாங்குகிறாளே என்று மாண்ட்ரியால் வரைக்கும் நான் பேசவில்லை. அதிகாரி அவளைக் கேட்கவும் இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்து நான்கு மணி நேரம் கழித்துத்தான் சபேசன் சார் வந்தார், டாக்ஸியில். விமானம் தாமதமாம், பெட்டி காணாமல் போயிற்றாம். “வாடகைக் கார் எடுக்கலையா சார்?” என்று கேட்டதற்கு, “அசதிப்பா” என்றார். கட்சி வென்ற களிப்பில் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. இரண்டு நாள் ஏரியில் படகு விட்டோம், கொசுவுக்கு ரத்த தானம் செய்தோம். சபேசன் சார் அந்த வாரம் முழுக்க விடுப்பு போட்டிருந்தார். நாங்கள் திங்கட்கிழமை விடிந்ததும் அவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினோம்.

எல்லையில் அமெரிக்க அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டையும் புரட்டினார். என் அட்டை எங்கே என்றார். பெருமையாகச் சொன்னேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவருமாக என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். முத்திரையும் காலாவதி, அட்டையும் இல்லை, அதனால் நான் உள்ளே வரமுடியாது. மாண்ட்ரியாலில் தூதரகத்துக்குப் போய்ப் புது விசா வாங்கி வரவேண்டும். அந்த அம்மா தாராளமாகப் போகலாம்.

காரை ஓரமாக நிறுத்திவிட்டு, சாவடிக்குப் பக்கத்திலிருந்த கடையின் தொலைபேசியிலிருந்து சபேசன் சாரைக் கூப்பிட்டேன். சுமதியை விமானத்தில் அனுப்பமுடியுமா என்று அவர் விசாரித்துப் பார்த்தார். நீண்ட விடுமுறையின் கடைசி நாள், புதன்கிழமை வரை இடமில்லை. “அப்போ நீங்க ஒரு டாக்ஸி புடிச்சு வந்துருங்க சார். சுமதிய கார்ல வீட்ல கொண்டு விட்டுருங்க. நீங்க சிட்டிசன், ஒங்கள யாரு கேக்கப் போறாங்க?” என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “தம்பி, யார்கிட்டயும் சொல்லாத. எனக்கு ஹைவே ஒத்துக்காதுப்பா. ஓடற வண்டிங்களுக்கு நடுவுல மெர்ஜ் பண்ற எடத்துல கையெல்லாம் வேர்த்து, கண்ணு இருட்டிரும். பதினஞ்சு வருஷமா இப்படித்தான்.”

விமானக் கட்சியின் கொள்கை விளக்கம் அவ்வளவுதான்.

நான் காருக்கு வந்து, “விடு சுமதி, வேற வேலை வராமலா போயிடும்” என்றேன். போன வருடமும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னேன் என்பது வாயை விட்டுப் போனபிறகுதான் உறைத்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“சாவியக் குடுங்க.”

“சுமதி, அது முந்நூத்தம்பது மைல். நீ ஹைவேல ஒரு மைல்கூட...”

“குடுங்க.”

கொடுத்தேன். “முதல்ல மிரர அட்ஜஸ்ட் பண்ணிக்க. ட்ரக் பக்கத்துல வந்தா...” என்று தொடங்கினேன்.

“ஏங்க, நீங்க பையை எடுத்துக்கிட்டு நகருங்க. நான் மறுபடி லைன்ல போய் நிக்கணும்.”

மீதியிருந்த பிஸ்கட் பாக்கெட்டை ஜன்னல் வழியாக என் கையில் திணித்துவிட்டுப் போனாள். நான் கனடாப் பக்கம் நடந்தேன். கார் மறைகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவளுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

டாக்ஸியும் பேருந்துமாக மாறி ஏரி வீட்டுக்குத் திரும்பி, தொலைபேசியின் முன்னால் உட்கார்ந்தேன். சபேசன் சார் எதிரில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கட்சித் தலைவர்களும் அன்று எதைப் பற்றியும் பேசிக்கொள்ளவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு மணியடித்தது.

“வந்துட்டேங்க. பார்க்வேல ஒரு எக்ஸிட்ட விட்டுட்டேன். அடுத்ததுல எறங்கித் திரும்பி வந்துட்டேன். நீங்க சாப்டீங்களா?”

எக்ஸிட்டை விட்டால் அடுத்ததில் இறங்கித் திரும்பி வரலாம். நான் ஓட்டும்போது எக்ஸிட்டை விட்டால் அது சுமதியின் குற்றம், ஒரு வாரம் அதைப் பற்றிப் பேச்சு. போனை வைத்துவிட்டு அழுதேன். சபேசன் சார் ஏரியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

தூதரகத்தில் நேரம் கிடைத்து விசா வர இருபது நாளானது. அந்த வீட்டில் தொடர்ச்சியாக இருபது நாள் குடியிருந்த ஒரே தமிழன் நான்தான். சமையல், எலி வேட்டை, தண்ணீர்ப் பம்புக்கு வைத்தியம் எல்லாம் கற்றேன். சுமதி தினமும் ஆபீஸ் முடிந்து கூப்பிடுவாள். நாளாக நாளாக அவள் சொல்வதற்கு நிறைய இருந்தது, எனக்கு எலி மட்டும்தான். கடைசியில் விமானத்தில் ஏறி, ஒரு ஜூஸ் குடித்து முடிப்பதற்குள் நெவார்க் விமான நிலையம் வந்துசேர்ந்தேன். அவள் காரோடு வந்திருந்தாள். நான் பழக்கத்தில் டிரைவர் பக்கம் போய் நின்றேன். அவள் உள்ளேயிருந்து மறுபக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

சபேசன் சார் இரண்டு வருடத்தில் அந்த வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர்கள் பலகையை என்ன செய்தார்களோ. விமானத்தில் வந்திறங்குகிறவர்களுக்கு இப்போது அந்த வெள்ளை அட்டையே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. துணி துவைக்கும் மெஷின்கள் வீட்டுக்குள் வந்தபிறகு எங்கள் சட்ட ஆலோசகர்களும் கலைந்துபோனார்கள். இவற்றையெல்லாம் நினைத்து நான் பெருமூச்சு விடுவதில்லை. எனக்கு இழப்பு வேறு. அந்தத் திங்கட்கிழமை காலை வரைக்கும், நான் இல்லாமல் சுமதியால் எங்கேயும் போகமுடியாது என்ற சௌகரியமான நம்பிக்கை எனக்கு இருந்தது. அவளுக்கு நான் வேண்டியிருந்த காலம் அந்தச் சாவடியோடு முடிந்துபோயிற்று. அதற்குப் பிறகு இத்தனை வருடம் அவள் என்னோடு இருப்பது, இருக்கலாம் என்று அவளே முடிவு செய்துதான்.