கோட்டில குடுக்காத ஒன்பது கடிதம்

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை ஷிப்டில நிண்டனான். கமலா அக்கா போன் எடுத்தா. "பிள்ளை, இவர் எழும்புறாரில்லை. கதிரையில இருந்தபடி..." சந்திரன் அண்ணை போயிட்டார்.

நான் அந்தப் புருசன் பெண்சாதியின்ர லண்டன் டூட்டிங் வீட்டில அறை எடுத்து இருக்கிறவள். லோ படிக்கப் போய் ரெண்டாம் வருசம் விட்டவள். அண்ணை என்னைப் "பாதி லோயர்" எண்டுதான் கூப்பிடுவார்.

இண்டைக்கு அண்ணையின்ர முப்பத்தோராம் நாளுக்கு இங்க வந்திருக்கிறதில ஒன்பது பேரிட்ட நான் ஒரு உண்மை சொல்ல வேணும்.

அண்ணை கள்ளப் பேப்பரில வேலை செய்து பிடிபட்டு, ஜெயிலில மறியல் இருந்து, நாடு கடத்தப்பட்டது உங்களுக்குத் தெரியும். ரெண்டு வருசம் யாழ்ப்பாணத்தில இருந்திட்டு கடைசியில லொறியில ஒளிச்சு லண்டனுக்குத் திரும்பி வந்தார். அக்காவுக்குக் கிழமையில மூண்டு நாள் டயாலிசிஸ். அதுக்காகத்தான் வந்தவர். கொஞ்சக் காலம் கூட்டிக்கொண்டு போய்வர, ஆஸ்பத்திரி வாசலில வச்சே இமிகிரேஷன்காரர் பிடிச்சவங்கள். திரும்பி வந்த குற்றத்துக்கு ரெண்டு வருச மறியல். அதோட அக்கா டயாலிசிஸை அடிக்கடி விடத் தொடங்கினா. "தனியப் போய் ஆருக்காகப் பிள்ளை?" எண்டா. அப்பீலில தண்டனை குறையாட்டி, அவர் வெளியில வரேக்க அக்கா இருக்கமாட்டா எண்டு எனக்கு விளங்கிட்டுது.

நற்சாட்சிக் கடிதம் கேட்டு உங்களிட்ட வந்தனான். ஒராள் எழுதினதைப் பாத்து எட்டுப் பேர் எழுதித் தந்தனீங்கள். மறியலுக்குக் கொண்டுபோய்க் காட்டினன். வாசிச்சிட்டுச் சிரிச்சார்.

"அஞ்சு வருசமா ஒரு வெள்ளியும் விடாமல் கோயிலுக்கு வாறனாம். அதில ரெண்டு வருசம் நான் யாழ்ப்பாணத்திலயெல்லோ நிண்டனான். இதைக் குடுத்தா, இவன் இவ்வளவு காலம் கள்ளமா இருந்தவனோ எண்டு ஜட்ஜ் தண்டனையைக் கூட்டிப் போடுவார்."

"அப்ப மிச்ச வெள்ளி?"

"வெள்ளியில அவவுக்கு டயாலிசிஸ். கோயிலுக்கு எங்க போறது?" பிறகு சொன்னார்: "பாவம், அன்பில எழுதினவை. அவையிட்டச் சொல்லிப் போடாத."

சொல்லிப் போட்டன். மன்னிச்சுக் கொள்ளுங்கோ அண்ணை.

நான் டயாலிசிஸ் நேர்ஸிட்டப் போய்க் கேட்டன். அரைப் பக்கம் எழுதித் தந்தா. மெசினில இருக்கேக்க ஆக்களுக்குக் குளிருமாம். இந்த மனிசன் வீட்டு ஹீட்டரில போர்வையைச் சூடாக்கி, துவாயால சுத்தி, ஜாக்கெட்டுக்குள்ள வச்சு பஸ்ஸில கொண்டு வருவாராம். நாலு மணித்தியாலமும் அவவின்ர கால்மாட்டில இருப்பாராம். எங்கட லோயர் அதை மட்டும்தான் கோட்டில குடுத்தார்.

மூண்டு ஜட்ஜ். அண்ணை மறியலில இருந்து வீடியோவில. ஒரு ஜட்ஜ் அந்தக் கடிதத்தை வாசிக்க, அண்ணை தலையைக் குனிஞ்சு கொண்டார். வந்தது குற்றம்தான், ஆனா தண்டனை கூட எண்டு சொல்லி ஒரு வருசமாக் குறைச்சவை. அதில மறியலில இருக்க வேண்டிய காலம் அப்பவே முடிஞ்சிட்டுது. பிறகு நாடு கடத்துற கேஸிலயும் பிணை கிடைச்சு, எங்க போறார் எண்டு பாக்கிற டாக்கைக் காலில கட்டிக்கொண்டு வீட்டை வந்தார். வந்த உடனே ஹீட்டரில கையை வச்சுப் பாத்தார்.

"பாதி லோயர், ஏன் இது குளிர்ந்து கிடக்கு? நாளைக்கு வெள்ளியெல்லோ."

திருப்பி அனுப்புற கேஸ் முடியேல்லை. அந்தப் பயத்தோடயே பதினொரு மாசம், ஒரு நாளும் விடாமல் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார்.

அவர் செத்த அடுத்த நாள் புதன். டயாலிசிஸ் நாள். அக்கா "நான் வரேல்லை" எண்டா. எனக்கு ஆறுதல் சொல்ல வராது. ஹீட்டரைப் போட்டு, போர்வையை மேல விரிச்சன். அக்கா எழும்பி அதில கையை வச்சுப் பாத்திட்டு, சப்பாத்தைப் போட்டா.

அந்தப் போர்வை இப்ப என்னட்ட. வெள்ளிக்கிழமையில என்னையும் கோயிலில தேடாதேங்கோ.