வாயைத் திறந்து காட்டியவர்

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், அறந்தாங்கிப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் மாமியாரோடு வந்த கர்ப்பிணி அவர். கை நிறைய வளைகாப்பு வளையல். மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு, குவைத்திலிருந்த கணவருக்குக் கைபேசி வீடியோவில் வாயைத் திறந்து காட்டினார்.

"நாக்கத் தூக்கு புள்ள," என்றார் கணவர்.

"போலீஸ் மாதிரி பண்ணாதீங்க!" என்று சிரித்தவர், வியந்து பார்த்த என்னிடம் திரும்பினார். "வலிப்பு மாத்திரைங்க. பிள்ளை ஊனமாப் பொறந்துரும்னு அத்தை ஒளிச்சு வச்சுட்டாங்க. மறுநாளே வலிப்பு வந்து விழுந்துட்டேன். பிள்ளைக்கு ஒண்ணுமில்லைன்னு ஸ்கேன்ல பாத்த பொறவுதான் உசுரு வந்துச்சு. அதுலேருந்து நான் முழுங்குறத தினமும் பாத்தாத்தான் இவரு விடுவாரு."

"கெடுதலான மாத்திரைய உண்டாகுறதுக்கு முன்னாடியே டாக்டர் மாத்திட்டாராம். எங்கிட்ட யாரு சொன்னா?" என்ற மாமியார், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இங்கிட்டுத் திரும்பு. நானும் பாக்கணும்ல."

மருமகள் முகம் சுளிக்காமல் மறுபடியும் வாயைத் திறந்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், என்னை விழவைத்தவருக்கே அப்படிக் காட்ட மனம் வந்திருக்குமா என்று இன்றும் யோசிக்கிறேன்.