நல்ல தண்ணி குடித்த நாற்றுகள்

அரபு நாட்டிலிருந்து வரும் பெட்டியை எங்கள் வீட்டில் வந்த உடனே திறந்துவிட மாட்டார்கள். அத்தாவின், அதாவது அப்பாவின், அக்காவான குப்பி வர வேண்டும். அம்மாவின் அண்ணனான மாமா வர வேண்டும். அத்தாவுக்கு விசா எடுத்துக் கொடுத்தவர் மாமாதான். அதனால் பெட்டியில் தனக்குப் பங்கு உண்டென்று அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கயிற்றை அறுக்கிற கத்தி மட்டும் எப்போதும் அவர் கையில் இருக்கும். மூடியைத் தூக்கியதும் சோப்பும் அத்தரும் கோடாலித் தைலமும் கலந்து ஒரு வாசனை கிளம்பும். அதுதான் அத்தாவின் வாசனை என்று நான் நினைத்திருந்தேன். அத்தா வீட்டில் இருந்த நாட்களைவிட அந்த வாசனை வீட்டில் இருந்த நாட்கள் அதிகம்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம் அத்தா லீவில் வந்தார். தம்பி அதற்கு முன் அத்தாவைப் பார்த்ததே இல்லை. அவர் போன பிறகு பிறந்தவன் அவன். அத்தா இரண்டு கைகளையும் நீட்டியதும் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டான்.

“இந்த மாமா எப்பப் போவாக?” என்று உள்ளேயிருந்து கேட்டான்.

எல்லாரும் சிரித்தார்கள். அத்தாவும் சிரித்தார். அவருடைய சிரிப்பு மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தது.

பெட்டியில் எல்லாருக்கும் ஏதாவது இருந்தது. அடியில், துண்டு சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த தட்டையான சாமான் ஒன்று கடைசியில் வெளிப்பட்டது. அது டேப் ரெக்கார்டர் என்று மாமா முடிவு செய்துவிட்டார். போன தடவையே கேட்டிருந்தார். துண்டை உருவியபோது உள்ளே இருந்தது கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு தட்டு. பணியாரச் சட்டி போல ஆனால் அதைவிட நெருக்கமாகக் குழிகள். மேலே கண்ணாடி மாதிரி ஒரு மூடி.

“என்ன மாப்ள இது?”

“வெதை மொளைக்க வைக்கிற தட்டு, மச்சான். எங்க நர்சரியில எல்லாம் இதுலதான் போடுவோம்.”

குப்பிக்கு நர்சரி என்றால் சின்னப் பிள்ளைகள் டை கட்டிக்கொண்டு போகிற இங்கிலீஷ் பள்ளிக்கூடம். “பள்ளிக்கூடத்துலயாடா வேலை பாக்குற? கம்பெனியின்னுல்ல சொன்ன?” என்றார்.

“செடி நர்சரி, அக்கா. கம்பெனிதான். செடி வளக்கிற கம்பெனி.”

தன் தம்பி ஏ.சி. ரூமில் உட்கார்ந்து வேலை பார்ப்பதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர் குப்பி. இவ்வளவு காலமும் அவர் தம்பி மண்ணில் குந்தியிருந்திருக்கிறார்.

“கத்தரிக்கா வெதைக்கவாடா ப்ளேன் ஏறிப் போன? அதுக்குத் திருப்புல்லாணி பக்கம் போயிருந்தா நடந்தே போயிருக்கலாமே!”

அத்தா தட்டை ஒரு தரம் துண்டால் துடைத்து ஓரமாக வைத்தார். அம்மா டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அத்தா அதை எனக்குப் பிரித்துக் காட்டினார். அடியில் தண்ணீர் நிற்கிற ஒரு தொட்டி. அதற்குள் சின்ன மேடை. மேடைமேல் கம்பளி போல ஒரு துணி விரித்து, அதன் இரண்டு நுனிகளையும் தண்ணீரில் தொங்கவிட வேண்டும். குழித்தட்டு துணியின்மேல் உட்காரும். ஒவ்வொரு குழிக்கும் அடியில் ஓட்டை உண்டு. விளக்குத் திரி எண்ணெய் குடிப்பது போலத் துணி தண்ணீரைக் குடிக்கும். மண் துணியிடமிருந்து குடிக்கும். விதை மண்ணிடமிருந்து குடிக்கும். மேலிருந்து ஒரு சொட்டு ஊற்ற வேண்டாம்.

“நாம மறந்து போனாலும் அது மறக்காது” என்றார். 

எங்கள் ஊரில் விதையை வெளியே போட்டால் முளைப்பதற்கு முன் கோழி கிளறும். முளைத்துவிட்டால் ஆடு மேயும். இரண்டுக்கும் தப்பினால் கடற்காற்று கருக்கும். அதனால் தட்டைக் கூடத்தில், கிழக்கு ஜன்னலுக்குக் கீழே வைத்தோம். கண்மாய் வண்டலையும் ஆட்டு எருவையும் அம்மாவின் மாவுச் சல்லடையில் அத்தா சலித்தார். அம்மா பார்த்தாள். வாங்க வேண்டியவற்றில் புதுச் சல்லடையையும் சேர்த்துக்கொண்டிருப்பாள். தக்காளி விதைகளைக் குழிக்கு இரண்டாகப் போட்டு, கொல்லைக் கிணற்றில் இறைத்த தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி, மூடியைப் போட்டார்.

அன்றிலிருந்து வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் மூடியின் உள்பக்கம் பூத்திருந்த நீர்த்துளிகளைக் குனிந்து பார்த்தார்கள். “மூடிக்கு வேர்த்திருக்கு. பாவம், ஃபேனைப் போடு” என்று குப்பி சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு நாள் காலையில் தம்பியின் கூச்சல் கேட்டு ஓடினேன். அவன் மூடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றான். கருமண்ணில் வெள்ளைக் கழுத்தை வளைத்துக்கொண்டு நாலைந்து முளைகள். ஒன்று நிமிர்ந்தே விட்டது. அதன் தலையில் விதைத்தோல் அப்படியே ஒட்டியிருந்தது.

“தொப்பி! தொப்பி போட்டிருக்கு!”

தொழுகைக்குப் போகிற ஆள் மாதிரிதான் இருந்தது அது. அத்தா பின்னால் வந்து தரையில் உட்கார்ந்தார். “ஆமா. பாங்கு சொன்னதும் எந்திரிச்சிருக்கு” என்றார். தம்பி திரும்பி அவரைப் பார்த்தான். ஓடவில்லை. “இதுக்கு இல்ல” என்று தொப்பி இல்லாத ஒன்றைக் காட்டினான். அதுதான் அவன் அத்தாவிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. அன்று முழுக்க அத்தா கடைத்தெருப் பக்கமே போகவில்லை.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. இலைகளின் ஓரம் தீய்ந்தது. மண்ணின் மேலே மாவு தூவியதுபோல வெள்ளையாகப் படிந்தது. அத்தா துணியை மாற்றினார், தட்டைத் திருப்பி வைத்தார், மூடியைக் கழற்றினார். ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

“தொப்பி மௌத்தாப் போச்சு” என்று தம்பி வாசலில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அறிவித்தான். வீட்டில் யாரோ இறந்துவிட்டதாகப் பதறிப்போய் இரண்டு பேர் உள்ளே வந்துவிட்டார்கள்.

அன்று மாமாவும் வந்தார். “அங்கன முளைக்கிறது இங்கன முளைக்காது, மாப்ள. லீவும் முடியப்போகுது. டிக்கெட்டுக்குச் சொல்லிரட்டுமா?” என்றார். அவர் குரலில் கேலி இல்லை, அக்கறைதான் இருந்தது. அத்தா காய்ந்த முளை ஒன்றை விரலில் வைத்து உருட்டியபடி, “சரி, மச்சான். பாப்போம்” என்றார்.

மாமா போன பிறகு அம்மா வந்து தட்டின் முன் குந்தினாள். அதுவரை அவள் அதன் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. வெள்ளைப் படிவை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“உப்பு” என்றாள்.

அத்தா நிமிர்ந்தார்.

“நம்ம கெணத்துத் தண்ணி வேற எப்படி இருக்கும்? துணி தண்ணியோட உப்பையும்ல சேத்து ஏத்தியிருக்கு. தண்ணி காஞ்சிருச்சு, உப்பு தங்கிருச்சு. பானை அடியில படியிறதுதான?”

அத்தா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். “அங்கன உப்பெடுத்த தண்ணி குழாயிலயே வரும். எனக்கு இது தோணவே இல்லையே.”

அடுத்து நடந்ததைச் சொல்வதற்கு முன் நல்ல தண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குடிக்கவும் உலை வைக்கவும் ஊருக்கு வெளியே இருந்த ஊருணித் தண்ணீர்தான். அதற்கு மட்டும் நல்ல தண்ணி என்று பெயர். அம்மா விடிகாலையில் சுபுஹுத் தொழுதுவிட்டுக் குடத்தோடு கிளம்பினால் வெயில் ஏறியபின் வருவாள். அந்தத் தண்ணீரில் நான் ஒரு தரம் முகம் கழுவிவிட்டேன் என்பதற்காக அம்மா என்னோடு ஒரு பகல் முழுக்கப் பேசவில்லை. வந்த விருந்தாளி குடித்து மிச்சம் வைத்தால் அவள் முகம் மாறும்.

அந்த அம்மா மறுநாள் காலை தொட்டியைக் கவிழ்த்துக் கழுவினாள். துணியை அலசினாள். பழைய மண்ணைக் கொட்டிவிட்டுப் புது மண் போட்டு, மிச்சமிருந்த விதைகளை ஊன்றினாள். பிறகு அடுப்படியிலிருந்து நல்ல தண்ணிக் குடத்தைத் தூக்கி வந்து, தொட்டி நிறையும்வரை சாய்த்தாள்.

“அம்மா, அது நல்ல தண்ணி!” என்று கத்திவிட்டேன்.

“தெரியுது.”

“தக்காளிக்கு எதுக்கும்மா நல்ல தண்ணி?”

“பச்சைப் புள்ளைக்கு உப்புத் தண்ணியவா கொடுப்பாக?”

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அம்மா மறுபடி ஊருணிக்குக் கிளம்பினாள். அத்தா கூடத்து வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தெருமுனை திரும்பும்வரை நின்றார்.

மறுநாள் அம்மா எழுந்தபோது குடங்களைக் காணோம். சைக்கிளின் இரண்டு பக்கமும் அவற்றைக் கட்டிக்கொண்டு அத்தா ஊருணிக்குப் போயிருந்தார். எங்கள் தெருவில் ஆம்பிளை தண்ணிக்குப் போனது அதற்கு முன் யாரும் அறியாதது. ஊருணிக் கரையில் பெண்களெல்லாம் முக்காட்டை இழுத்துக்கொண்டு சிரித்தார்களாம். அத்தா தடுமாறி ஒரு குடத்தைப் பாதி வழியில் சாய்த்துவிட்டு, நனைந்த கைலியோடு வந்து சேர்ந்தார். குப்பி செய்தி கேட்டு ஓடி வந்தார்.

“துபாய்க்காரன் பொண்டாட்டிக்குத் தண்ணி தூக்குறான்னு ஊரே சிரிக்கிது. எந்த மூஞ்சியோட நான் வெளியில போவேன்?”

“முக்காடு போட்டுக்கிட்டுப் போக்கா” என்றார் அத்தா.

அம்மா சத்தமாகச் சிரித்தாள். அம்மாவால் அவ்வளவு சத்தமாகச் சிரிக்க முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இந்தத் தடவை குழிக்குக் குழி முளைத்தன. தொப்பிகள் உதிர்ந்து, இலைகள் விரிந்து, மூடியை முட்டின. அத்தா மூடியை எடுத்துவிட்டுக் காலை வெயிலில் கொஞ்ச நேரம் முற்றத்தில் வைத்துப் பழக்கினார். தூக்கிக்கொண்டு போகும்போதும் வரும்போதும் தம்பி ஊர்வலத்துக்கு முன்னால் போவதுபோல “வழி, வழி” என்று சொல்லிக்கொண்டே போவான். இப்போதெல்லாம் அவன் அத்தாவை மாமா என்று சொல்வதில்லை. அத்தா என்றும் சொல்லவில்லை. சட்டையைப் பிடித்து இழுப்பான், அவ்வளவுதான்.

மாமா டிக்கெட் விவரத்தோடு வந்தார். அம்மா அடுப்படி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“நாத்து நடுற பருவத்துல நிக்குது, மச்சான். அத நட்டுட்டு வாரேன்னு சொல்லிருங்க” என்றார் அத்தா.

“தக்காளிச் செடிக்கு லீவு கேட்டா அரபி கொடுப்பானா? ஏதாவது நடக்கிறதப் பேசு.”

“நட்டுட்டுப் போறேன். அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரல.”

அம்மாவின் கையில் மீன் அப்படியே இருந்தது. பூனை வந்து ஒரு செதிலை நக்கியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

கொல்லையில் பனையோலைத் தட்டி கட்டி ஆட்டையும் காற்றையும் தடுத்து, அத்தா நாற்றுகளை நட்டார். நட்ட வாரம் மழை பிடித்தது. ஐப்பசி மழையில் எங்கள் மண்ணுக்கும் நல்ல தண்ணி கிடைத்தது. செடிகள் வேர் பிடித்து நிமிர்ந்தன. மாமா குடையோடு திரும்பி வந்தார்.

“நட்டாச்சுல்ல மாப்ள? இனியென்ன?”

அத்தா கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே தட்டு இருந்தது. மூடி வேர்த்திருந்தது. உள்ளே கத்தரி முளைவிட்டிருந்தது. அதை அத்தா போடவில்லை. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள்.

“கத்தரி முளைச்சு நிக்குதே, மச்சான்” என்றார் அத்தா மெதுவாக.

மாமா கோபத்தில் டீ குடிக்காமல் போனார். கத்தரிக்குப் பிறகு மிளகாய் வந்தது. மிளகாய் வளர்வதற்குள் விசாவின் தவணை போய்விட்டது. வீட்டுக்கு அதன் பிறகு பெட்டி வரவில்லை. புதுத் துணி பெருநாளைக்கு மட்டும் என்று ஆனது. ஆனாலும் குப்பிதான் முதலில் நாற்றுக் கேட்டு வந்தார். பிறகு பக்கத்து வீடு, அடுத்த தெரு. அத்தா அதே மாதிரித் தட்டுகளை மீன் ஐஸ் வைக்கிற தெர்மோகோல் பெட்டியிலும் பழைய வேட்டித் துணியிலும் தானே செய்தார். கூடம் நிறைந்தது. நாலைந்து வருடத்தில் சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள் மிளகாய் நாற்றுக்கு எங்கள் வீட்டைத் தேடி வந்தார்கள். ஒரு நாள் மாமாவும் வந்தார். மாமிக்குத் தக்காளி நாற்று வேண்டுமாம். வாசலிலேயே நின்று கேட்டவரை அத்தா உள்ளே இழுத்து வந்து உட்கார வைத்தார். மாமா டீ குடித்தார்.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. அந்த முதல் மழைக்காலத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தா ஒவ்வொரு நாற்றும் முடியட்டும் என்று காத்திருக்கிறார் என்பதுதான். பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகள் கேட்டால், “கத்தரி முடிஞ்சதும் போவாக”, “மிளகா முடிஞ்சதும் போவாக” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தா கத்தரி நாற்றுகளைப் பெயர்த்துக்கொண்டு கொல்லைக்குப் போன அன்று அம்மா அடுப்பில் இருந்த உலையைக்கூட அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். முந்தானை முடிச்சில் மிளகாய் விதை தயாராக இருந்தது. அத்தா மண் கையோடு திரும்புவதற்குள் குழிகளை நிரப்பி, விதை ஊன்றி, விரலால் மூடினாள். 

“எதுக்கும்மா இவ்வளவு அவசரம்? அத்தா வந்து போட மாட்டாகளா?” என்றேன்.

“பேசாமப் போயி நல்ல தண்ணி எடுத்துட்டு வா” என்றாள், தலை நிமிராமல்.

அம்மாவுக்கு விவசாயத்தில் இத்தனை பைத்தியம் இருப்பது இவ்வளவு நாளும் தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டு, நான் குடத்தை எடுத்து வரப் போனேன்.