சொற்கடலில் இறங்கிய பூரணி

திருகோணமலை நகரில் தட்டச்சுக் கடை வைத்திருந்த பூரணிக்கு வாய் கொஞ்சம் நீளம். கடற்படைக்கு மனு எழுதும்போது மட்டும் அதை அடக்கிக்கொள்வாள். மீனவர்கள் கடலுக்குப் போக அனுமதி கேட்கும் கடிதங்கள்தான் அவளுடைய பிழைப்பு.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, கணினி திருத்தும் லாபிர் அவளுக்குச் 'சொற்கடல்' என்ற தமிழ் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். வெளிநாட்டு நல்லவர்கள் சிலர் ஊதியமின்றி எழுதிய திறந்த மூல மென்பொருள். திறந்தவுடன் நிறுவனரின் மொழிப்பற்றுக் கவிதை ஒன்று திரையில் ஊர்ந்து போகும். அதை மூடப் பொத்தான் கிடையாது. மொழிப்பற்றை யாராவது மூடுவார்களா?

கவிதையைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். இறக்கக்கண்டி மீனவர் சின்னராசா வந்த அன்றுதான் பொறுமை போனது. அடித்த கடிதத்தைச் சொற்கடல் கடைக் கணினியில் சேமிக்காது. இணையம் வழியாக எங்கோ ஒரு தேசத்துக்கு அனுப்பித்தான் சேமிக்கும். திருகோணமலையிலோ மின்சாரமும் தொலைபேசியும் சேர்ந்து உயிரோடிருந்தால் அது திருவிழா. கையெழுத்து வைக்கப் பேனாவோடு சின்னராசா காத்திருக்க, இணைப்பு அறுந்து கடிதம் மறைந்தது.

"இன்னொருக்கா அடிப்பமோ, பிள்ளை?"

அடித்தாள். அதுவும் போனது. கடைசியில் கையால் எழுதிக் கொடுத்தாள்.

அன்றே சொற்கடலின் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதினாள்: 'மென்பொருளோடு கரண்ட் போகாத ஊர் ஒன்றையும் சேர்த்து அனுப்பினால் உதவியாக இருக்கும்.' பதில் வந்தது: 'திறந்த மூலம் என்பதே அதற்குத்தான், சகோதரி. நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.'

லாபிர் திருத்தினான். கடிதம் கடைக் கணினியிலேயே தங்கியது. கவிதைக்கும் ஒரு பொத்தான் முளைத்தது. கிண்ணியாவில் தட்டச்சுக் கடை வைத்திருந்த முஹம்மது தம்பி என்ற பெரியவர் தனக்கும் ஒரு பிரதி கேட்டபோதுதான் பூரணியும் லாபிரும் சொற்கடலின் உரிமத்தைப் படித்தார்கள். மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்க எழுத்துமூல அனுமதி வேண்டும். படைத்துறை சார்ந்த எதற்கும் பயன்படுத்தலாகாது.

"அக்கா, நேவிக்கு மனு அடிக்கிறதும் இதுக்குள்ள வருமோ?"

"நேவியைக் கேளாம இந்த ஊரில மூச்சு விடுறது மட்டும்தான் மிச்சம், லாபிர். திறந்த மூலமாம். கதவு திறந்துதான் கிடக்கு, வாசல்ல காவலுக்குச் சென்றி போட்டிருக்கினம்."

லாபிரின் கேள்வியையும் தன் பதிலையும் அப்படியே குழுவுக்கு எழுதினாள். கேள்விக்குப் பதில் வரவில்லை. 'தொனி குழுவின் பண்புக்கு ஒவ்வாதது' என்று அவளை நீக்கிவிட்டார்கள். பூரணி சிரித்தாள், ஆனால் அன்று வழமையைவிட முந்திக் கடையைப் பூட்டினாள்.

மறுநாள் லாபிரிடம் சொன்னாள். "புதுசா ஒண்டு செய்வம். சின்னதாப் போதும்."

பல மாதம் கழித்து வந்தது அந்தச் சின்னது. பார்க்க அவலட்சணம், அட்டவணை போட ஏலாது. ஆனால் அடித்தது அடித்த இடத்தில் இருந்தது. உரிமம் ஒரே வரி: 'எவரும் எதற்கும் பயன்படுத்தலாம், எவருக்கும் கொடுக்கலாம்.'

முதல் முறைப்பாடு, பிரதி வாங்கிய முஹம்மது தம்பியிடமிருந்தே வந்தது, மூன்று பக்கத்தில். ரகரமும் துணைக்காலும் ஒரே முகமாம். பொத்தான்கள் எறும்புக்கு வைத்ததாம். ஒரு வரி உரிமத்தை நம்புகிறவன் மடையனாம்.

பூரணி அதை இரண்டு தரம் படித்தாள்.

"நல்லாத் திட்டியிருக்கிறார்," என்றாள் லாபிரிடம், மிகுந்த திருப்தியோடு. பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் அடிக்கத் தொடங்கினாள்: 'ஐயா, ரகரம் அடுத்த கிழமை சரியாகும்.'